வேதத்தை இசையில் வடித்த வெள்ளைக்கார வாத்தியார்

1911-ம் வருஷம் ஜூன் மாதம் 10-ந் தேதி. லண்டன் நகரில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே வாட்டர்லூ ரோட்டில் உள்ள ராயல் விக்டோரியா ஹாலில் ஒரு கச்சேரி நடந்தது. அதில் பங்கு கொண்டவர்களில் பெரும்பாலோர் பெயர் பெற்ற வித்வான்கள் அல்ல. பகலெல்லாம் பிழைப்புக்காக உழைத்துவிட்டு, இரவு வகுப்பில் உட்கார்ந்து சங்கீதம் கற்ற ஆண்களும் பெண்களும்தான்.

அவர்கள் எடுத்துக்கொண்ட உருப்படியோ சாமானியமானது அல்ல. இங்கிலாந்தின் மாபெரும் சங்கீத கர்த்தாவான ஹென்றி பர்ஸல் 1692-ல் அரங்கேற்றிய 'தேவதை ராணி' என்ற இசை நாடகம் அது. பர்ஸல் 1695-ல் காலமானார். சில காலத்துக்கெல்லாம் அதன் கையெழுத்துப் பிரதி காணாமற் போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது மறுபடி அகப்பட்டது. இருநூறு வருஷங்களுக்கு மேல் யாரும் கேட்டிராத அந்தச் சங்கீதத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர்கள் இந்த இராப் பள்ளி மாணவர்கள்.

அவர்களுக்கு முன்னால் கையில் சிறு கோலுடன் நின்றவர் மெலிந்த தேகமும் தடித்த மூக்குக் கண்ணாடியும் உடைய ஓர் உபாத்தியாயர். அவர் பெயர் குஸ்தவ் ஹோல்ஸ்ட்.

'கிரகங்கள்' என்ற இசைத் தொகுதியை இயற்றியவர் என்று உலகம் அவரை அறியும். ரிக்வேத சூக்தங்களுக்கும் சாவித்திரி கதைக்கும் இசை அமைத்தவர் என்று நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் அவர் தம் வாழ்நாளில் மிகுதியான நேரத்தைச் செலவிட்டது வேறொரு காரியத்தில். சங்கீதத்தைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண ஜனங்களை ஒன்று சேர்த்து, உயர்ந்த சங்கீதத்தைப் பாடவும் வாசிக்கவும் வைத்ததே அது.

சங்கீதக் குடும்பம்

ஹோல்ஸ்ட் 1874-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்னும் ஊரில் பிறந்தார். பரம்பரையாகவே அது சங்கீதக் குடும்பம். அவருடைய கொள்ளுப் பாட்டனார் ரீகா நகரில் பிறந்தவர். ருஷ்யச் சக்கரவர்த்தியின் அரண்மனையில் யாழ் கற்பித்தவர். பிற்பாடு இங்கிலாந்துக்குக் குடியேறினார். தந்தை அடால்ப் பியானோ வித்வான். மாதாகோவிலில் ஆர்கன் வாசித்து, பாடகர் குழுவையும் நடத்தி வந்தார். தாயார் கிளாராவும் பியானோ வாசிப்பவர். குழந்தைக்கு ஏழு வயது நிறைந்த சில மாதங்களில், 1882-ல், அந்த அம்மாள் காலமானார்.

பையன் நோஞ்சான். ஆஸ்துமா உபத்திரவம் வேறு. கண் பார்வை மங்கல். கண்ணாடி தேவை என்பதுகூட நெடுநாள் வரையில் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தந்தை பியானோவும் பிடிலும் கற்பித்தார். பிடில் அவருக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் டிராம்போன் என்ற நீண்ட பித்தளை வாத்தியத்தை ஊதக் கற்றார். ஊதினால் மூச்சுக்குழல் பலப்பட்டு ஆஸ்துமா தணியும் என்பது தந்தையின் வைத்திய யோசனை. பிற்காலத்தில் அந்த வாத்தியமே சோறு போடப் போகிறது என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

தந்தை மறுமணம் செய்துகொண்டார். வந்த சிற்றன்னை தியாசபி கொள்கையில் ஈடுபாடு உள்ளவர். நம் சென்னை அடையாற்றைத் தலைமை இடமாகக் கொண்ட பிரம்ம ஞான சபையின் கொள்கைகள் அந்த வீட்டில் பேசப்பட்டன. இந்திய தத்துவத்தின் வாசனை அவரது பிள்ளைப் பருவத்திலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது எனலாம்.

பதினேழாவது வயதில் முதல் உத்தியோகம் கிடைத்தது. விக் ரிஸ்ஸிங்டன் என்ற சிறு கிராமத்தின் மாதாகோவிலில் ஆர்கன் வாசிக்க வேண்டும். பாடகர்களையும் பழக்க வேண்டும். பக்கத்து ஊரான போர்ட்டனில் இருந்த பாட்டுச் சங்கத்தையும் நடத்தும்படி கேட்டார்கள். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. ஆயினும் அங்கேதான் அவர் கோல் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பாடத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் ஒரே குரலாக இணைப்பது எப்படி என்ற பாடம் அந்தக் கிராமத்தில் கிடைத்தது.

கை முடங்கியது

பியானோ வித்வானாக வேண்டும் என்பது இளைஞனின் ஆசை. தந்தையின் ஆசையும் அதுவே. ஆனால் வலது கையில் நரம்பு நோய் கண்டது. சற்று நேரம் வாசித்தாலும் கை மரத்து வலி எடுக்கும். அந்த ஆசையைக் கைவிட வேண்டியதாயிற்று. இந்த நோய் அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை.

வாசிக்க முடியாவிட்டால் இயற்றலாம் அல்லவா? தந்தை 100 பவுன் கடன் வாங்கி, 1893-ல் மகனை லண்டனில் உள்ள ராயல் சங்கீதக் கல்லூரியில் சேர்த்தார். இயற்றும் கலையை அங்கே போதித்தவர் ஸ்டான்போர்டு என்ற கண்டிப்பான பேராசிரியர். இரண்டு வருஷத்துக்குப் பின் உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனாலும் வறுமை தீரவில்லை. ஹோல்ஸ்ட் மாமிசத்தை விட்டார், மது அருந்துவதில்லை, சிக்கனத்தில் நாட்களை ஓட்டினார்.

1895-ல் அந்தக் கல்லூரியில் வாகன் வில்லியம்ஸ் என்ற சக மாணவரின் நட்பு கிடைத்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் முதல் வரிசைச் சங்கீத கர்த்தாக்களில் ஒருவராகத் திகழ்ந்தவர் அவர். இருவரும் ஒருவர் இயற்றியதை மற்றவரிடம் காட்டி, தாட்சண்யம் இல்லாமல் குறை கூறிக்கொள்வது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். ஹோல்ஸ்ட் இறக்கும் வரையில், ஏறக்குறைய நாற்பது வருஷம், அந்த வழக்கம் நின்றதில்லை.

அந்த நாட்களில்தான் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞரின் இல்லத்தில் கூடிய ஹாமர்ஸ்மித் சோஷலிஸ்ட் சங்கத்தில் ஹோல்ஸ்ட் சேர்ந்தார். அங்கே பெர்னார்டு ஷாவின் பிரசங்கங்களைக் கேட்டார். 1897-ல் சங்கத்தின் பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தக் குழுவில் பாடிய இஸபெல் ஹாரிஸன் என்ற பெண்ணை 1901-ல் மணந்தார். அவர்களுடைய ஒரே மகள் இமொஜென் 1907-ல் பிறந்தாள்.

படித்தது போதும்

1898-ல் கல்லூரி நிர்வாகம் ஹோல்ஸ்டுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் தர முன்வந்தது. மேற்கொண்டு படிக்க எத்தனையோ பேர் தவம் கிடக்கும் இடம் அது. ஆனால் அவர் வேண்டாம் என்றார். ஏட்டுப் படிப்பு போதும், இனித் தொழில் செய்தே கற்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

டிராம்போனை எடுத்துக்கொண்டு கார்ல் ரோஸா இசை நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு ஸ்காட்லாந்து வாத்திய கோஷ்டியில் வாசித்தார். இடையிடையே கடற்கரை ஊர்களில் உல்லாசிகளுக்காக வாசித்த 'வெள்ளை வியன்னா பாண்டு' என்ற கோஷ்டியிலும் வேலை. அதன் தலைவர் பெயர் உர்ம். பாண்டுக்காரர்கள் அசல் வியன்னாக்காரர்கள் என்று ஜனங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, அந்நிய உச்சரிப்பில் பேசும்படி அவர்களுக்கு உத்தரவு! அந்த மலிவுச் சங்கீதம் ஹோல்ஸ்டுக்கு வேப்பங்காய். தலைவரின் பெயர் ஆங்கிலத்தில் புழுவைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலித்ததால், அந்தப் பிழைப்பையே புழுத் தொழில் என்று கேலி செய்வாராம்.

ஆனால் இந்த ஐந்தாறு வருஷங்கள் வீண் போகவில்லை. வாத்திய கோஷ்டியில் டிராம்போன்காரர் பின் வரிசையில் இருப்பவர். பக்கம் பக்கமாக வாசிப்பே இல்லாமல் எண்ணிக்கை போட்டுக்கொண்டு காத்திருப்பார். அந்த நேரத்தில் மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றும் எப்படிப் பேசுகின்றன, எது எதோடு சேர்ந்தால் நாதம் கொழிக்கிறது, எங்கே வாசிப்பவன் திணறுகிறான் என்பதை எல்லாம் அவர் காதாலேயே கற்றார். நல்ல கோஷ்டித் தலைவர் யார், வெறுமனே கையை வீசுபவர் யார் என்ற வித்தியாசமும் தெரிந்தது.

கண்டக்டர் என்றால் நமக்குப் பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். மேல்நாட்டுச் சங்கீதத்தில் கண்டக்டர் என்பவர் கோஷ்டிக்கு முன் நின்று, கோலால் தாளம் காட்டி நடத்துபவர். அவர் எந்த வாத்தியத்தையும் தொடுவதில்லை. ஆனால் எல்லா வாத்தியங்களுக்கும் உரிய பகுதிகளையும் அறிந்திருப்பார். யார் எப்போது தொடங்க வேண்டும், எங்கே ஒலி ஓங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதை அவர் கையும் கண்ணும் சொல்லும். தேர்ந்த வித்வான்கள் நிறைந்த கோஷ்டியில் அவர் தளபதி. பழகாதவர்கள் நிறைந்த கோஷ்டியிலோ அவர் தளபதி மட்டும் அல்ல. வாத்தியார், வைத்தியர், தாயார் எல்லாமும் அவரே. ஹோல்ஸ்ட் வாழ்நாள் முழுதும் ஏற்றுக்கொண்ட வேலை இந்த இரண்டாவது வகை.

சமஸ்கிருதம் கற்ற கதை

வாத்தியம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த அந்தக் காலத்தில்தான் இந்திய இதிகாசங்களையும் வேதங்களையும் பற்றிய நூல்கள் ஹோல்ஸ்டின் கைக்கு வந்தன. அவை அவரை ஆட்கொண்டன. ரிக்வேத சூக்தங்களுக்கு இசை அமைக்க வேண்டும் என்று ஆசை பிறந்தது. ஆனால் கிடைத்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் பாடுவதற்கு ஏற்றவையாக இல்லை. அதனால் என்ன செய்தார் தெரியுமா? மூலத்தையே படித்துவிடுவது என்று சமஸ்கிருதம் கற்கப் புறப்பட்டார்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பட்டம் நாடாத மாணவராகப் பதிவு செய்துகொண்டார். மேபல் போட் என்ற பெண் அறிஞர் அவருக்குப் போதித்தார். பண்டிதர் என்று சொல்லத்தக்க நிலைக்கு அவர் வரவில்லை என்பது உண்மை. அகராதியும் கையுமாக எழுத்துக் கூட்டிப் படித்து, ஒவ்வொரு பதத்துக்கும் பொருள் கண்டு, அதைத் தாமே ஆங்கிலப் பாட்டாக வடித்தார். பிழைப்புக்கே அல்லாடிய ஓர் இளைஞர், ஒரு காசு வரும்படி இல்லாத காரியத்துக்காக இவ்வளவு பாடுபட்டார்.

இராமாயணத்தைத் தழுவி 'சீதா' என்ற மூன்று அங்க இசை நாடகத்தை இயற்ற அவருக்கு ஆறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதை 500 பவுன் பரிசுப் போட்டிக்கு அனுப்பினார். பரிசு வேறு ஒருவருக்குப் போயிற்று. அவர் உயிரோடு இருந்தவரை 'சீதா' மேடை ஏறவே இல்லை. உடம்பும் மனமும் சோர்ந்திருந்த அந்தச் சமயத்தில், உஷ்ணப் பிரதேசத்துக்குப் போய்வரும்படி டாக்டர் சொன்னார். 1908-ல் அல்ஜீரியாவுக்குப் போனவர் அங்கே பாலைவனத்தில் சைக்கிள் விட்டுக்கொண்டு சுற்றினார்!

அதே 1908-ல் அவர் எழுதியது 'சாவித்திரி'. மகாபாரதத்தில் வரும் அந்தக் கதையை நாம் அறிவோம். சத்தியவானின் உயிரைக் கவர யமன் வருகிறான். பதிவிரதையின் சொல்லுக்கு முன் தோற்றுத் திரும்புகிறான். மேல்நாட்டு இசை நாடகம் என்றால் நூறு பேர் மேடையில் நிற்பார்கள். அதற்கேற்ற பெரும் கோஷ்டி கீழே முழங்கும். 'சாவித்திரி'யில் பாத்திரங்கள் மூன்றே பேர். வாத்தியக்காரர்கள் பன்னிரண்டே பேர். சொல் இல்லாமல் குரல் மட்டும் எழுப்பும் பெண்கள் குழு ஒன்று. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆரம்பத்தில் வாத்தியம் எதுவும் இல்லை. நிசப்தத்தில் யமனின் குரல் மட்டும் ஒலிக்கும். வனத்தில் நடக்கும் கதை. திறந்த வெளியில் நடத்தினால் நல்லது என்பது அவர் கருத்து. எட்டு வருஷம் காத்திருந்து 1916 டிசம்பரில்தான் அது முதன் முதலாக லண்டனில் அரங்கேறியது.

ரிக்வேதத்திலிருந்து உஷஸ், வருணன், மருத்துக்கள், இந்திரன் முதலான தேவதைகளைப் பற்றிய சூக்தங்களைத் தனிப் பாடல்களாக அமைத்தார். தவளைகளைப் பற்றிய சூக்தத்தையும் விடவில்லை. 1908 முதல் 1912 வரையில் கோஷ்டி கானத்துக்காக நான்கு தொகுதிகள் இயற்றினார். அவற்றில் ஒன்று பெண்கள் பாடுவதற்கு; யாழ் ஒன்றே பக்க வாத்தியம். காளிதாசரின் மேகதூதத்தையும் பெரிய அளவில் இசை அமைத்தார். 1913-ல் லண்டன் குவீன்ஸ் ஹாலில் அது தோல்வி கண்டது. ஹோல்ஸ்ட் மிகவும் மனம் உடைந்து போனார்.

இந்த இசை நம் ராகங்களைக் காப்பி அடித்தது என்று யாரும் எண்ண வேண்டாம். கீழ்நாட்டுச் சங்கீதத்தின் வெளி வர்ணத்தை அவர் பூச முயலவில்லை. சூக்தத்தின் கருத்துக்கு எது பொருத்தமோ அதைத் தம் வழியிலேயே தேடினார். ஐந்தும் ஏழுமாக அமைந்த தாளக் கணக்குகள் அவர் இசையில் தாராளமாக வரும். அக்காலத்து மேல்நாட்டு ரசிகர்களுக்கு அது புதுமை. கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும் கேட்டுப் பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

மார்லி கல்லூரி

1903-ல், தந்தை விட்டுச் சென்ற சிறு தொகையைக் கொண்டு ஜெர்மனிக்கு யாத்திரை போய்வந்த பிறகு, ஹோல்ஸ்ட் டிராம்போனுக்கு விடை கொடுத்துவிட்டார். உபாத்தியாயர் தொழில் தொடங்கியது. 1904-ல் டல்விச்சில் ஒரு பெண்கள் பள்ளி. 1905-ல் ஹாமர்ஸ்மித் செயிண்ட் பால் பெண்கள் பள்ளி. இந்தப் பள்ளியைச் சாகும் வரையில் அவர் விடவில்லை. 1907-ல் மார்லி கல்லூரியின் சங்கீத டைரக்டர் ஆனார்.

மார்லி கல்லூரி உழைக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் என்று 1889-ல் ஏற்பட்டது. ராயல் விக்டோரியா ஹால் கட்டடத்திலேயே அது அப்போது நடந்தது. வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு இலேசான பாட்டுக்கள் போதும் என்ற எண்ணம் இருந்தது. ஹோல்ஸ்ட் அந்த எண்ணத்தை மாற்றினார். பர்ஸல், பாக், பழைய ஆங்கில மேதைகள் ஆகியோரின் இசையைக் கற்பித்தார். பயிற்சியில் கண்டிப்பு காட்டினார். விளைவு? மாணவர்கள் விலகிப் போனார்கள். வகுப்பு சுருங்கியது. வேறு ஒருவராக இருந்தால் ஜனங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று முடிவு கட்டியிருப்பார். அவர் பொறுத்திருந்தார். போனவர்கள் போக, இருந்தவர்கள் ஆர்வம் கொண்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர் வைத்திருந்த உபாயம் எளிமையானது. ஒரே மெட்டை ஒரு குழு தொடங்கும். சில அடிகள் கழித்து அடுத்த குழு அதையே தொடங்கும். பிறகு மூன்றாவது குழு. அவரவர் கற்றது ஒரே ஒரு மெட்டுத்தான். ஆனால் சேர்ந்து கேட்கும்போது பல குரல் இசையாக விரியும். தாங்கள் பாடியதா இது என்று பாடினவர்களே வியப்பார்கள். இப்படித் தொடங்கியவர்கள்தான் பிறகு பாக் இசையைப் பாடினார்கள்.

'தேவதை ராணி' கச்சேரியின் பின்னணியும் கேட்கத் தக்கது. ஒவ்வொரு பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் தனித் தனிச் சுரத் தாள்கள் வேண்டும். காசு கொடுத்து எழுத வைக்க வசதி இல்லை. இருபத்தெட்டு மாணவர்கள் முன்வந்தார்கள். ஓய்வு வேளைகளில் உட்கார்ந்து 1,500 பக்கங்களைக் கையாலேயே நகல் எடுத்தார்கள். ஏறக்குறைய பதினெட்டு மாதம் பிடித்தது. அந்தக் கச்சேரிக்குப் பிறகு மார்லி கல்லூரியின் பெயரை லண்டன் சங்கீத உலகம் மரியாதையுடன் சொல்லலாயிற்று.

பாண்டுக்கு ஒரு கௌரவம்

பித்தளையும் மரக்குழலும் கொண்ட பாண்டு கோஷ்டிகள் அன்றைய இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் இருந்தன. ராணுவத்தில் இருந்தன; சுரங்கத் தொழிலாளர்களிடையே இருந்தன; ஆலைகளில் இருந்தன. ஆனால் அவர்களுக்கென்று பெரிய சங்கீத கர்த்தாக்கள் எழுதுவது அபூர்வம். வேறு கோஷ்டிகளுக்கு எழுதிய இசையைச் சுருக்கி வாசிப்பார்கள். இல்லாவிட்டால் அணிவகுப்பு மெட்டுக்கள்.

டிராம்போன்காரராக இருந்த ஹோல்ஸ்ட் அந்தக் குறையை உணர்ந்தவர். ராணுவ பாண்டுக்காக 1909-ல் முதல் தொகுதியும் 1911-ல் இரண்டாம் தொகுதியும் இயற்றினார். இரண்டாவதில் இங்கிலாந்தின் நாட்டுப் பாடல்களை எடுத்துக் கோத்தார். சில வாத்தியங்கள் இல்லாவிட்டாலும் இசை குலையாதபடி எழுதியது இவற்றின் சிறப்பு. சிறிய ஊரின் சிறிய பாண்டும் வாசிக்கலாம். இன்று உலகெங்கும் பாண்டு நடத்தக் கற்கும் மாணவர்களுக்கு இந்த இரண்டும் பால பாடம் என்றும் சொல்லலாம், உயர் பாடம் என்றும் சொல்லலாம். 1928-ல் தேசியப் பித்தளை பாண்டுப் போட்டிக்காகவும் ஒரு தொகுதி இயற்றிக் கொடுத்தார்.

கிரகங்கள்

செயிண்ட் பால் பள்ளியில் 1913-ல் புதிய சங்கீதக் கட்டடம் எழுந்தது. அதில் ஓசை புகாத ஓர் அறையை அவருக்கு ஒதுக்கினார்கள். நன்றிக் கடனாகப் பள்ளி வாத்திய கோஷ்டிக்கு 'செயிண்ட் பால் தொகுதி'யை எழுதினார். அந்த அறைதான் அவருக்குத் தபோவனம். வாரம் முழுவதும் வகுப்புகள்; வார இறுதியிலும் விடுமுறையிலுந்தான் சொந்தப் படைப்பு. ஆகவே 1914-ல் தொடங்கிய 'கிரகங்கள்' முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கை வலியால் தொடர்ந்து எழுத முடியாது. சக ஆசிரியைகளான வாலி லாஸ்கரும் நோரா டேயும், மாணவி ஜேன் ஜோசப்பும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார்கள். பெருங்கோஷ்டிக்கான அந்த இசையில் பள்ளிக்கூடத்துப் பெண்களின் கையெழுத்தும் கலந்திருக்கிறது.

ஏழு கிரகங்கள், ஏழு பகுதிகள். வானசாஸ்திரக் கிரகங்கள் அல்ல, ஜோதிடக் கிரகங்கள்! ஹோல்ஸ்ட் நண்பர்களுக்கு ஜாதகம் கணித்துச் சொல்வதில் பிரியம் உள்ளவர். செவ்வாய் யுத்தத்தைக் கொண்டு வருபவன். சுக்கிரன் சாந்தி தருபவன். குரு களிப்பைத் தருபவன். சனி மூப்பைத் தருபவன். நவக்கிரகங்களைச் சுற்றி வரும் நமக்கு இதற்கு விளக்கம் தேவை இல்லை. செவ்வாய்ப் பகுதி ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் இடைவிடாமல் இடிக்கும். உலக யுத்தத்தை வருணிப்பதாகவே பலர் அதைக் கருதினார்கள். ஆனால் யுத்தம் மூளுவதற்கு முன்பே அதன் உருவம் அவர் மனத்தில் தயாராகிவிட்டது.

யுத்தம் அவரையும் விடவில்லை. தெளிவற்ற கண்ணும் நோயுற்ற கையும் உடையவரைப் படையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அவர் அப்போது 'பான் ஹோல்ஸ்ட்'. ஜெர்மானியப் பெயர் போல் தோன்றியதால், எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் தாக்ஸ்டெட் கிராமத்தருகே அவர் குடியிருந்தபோது, நீண்ட தூரம் நடந்து உலாவும் இந்த மனிதர் உளவாளியோ என்று சிலர் சந்தேகித்தார்கள். அவர் செய்ததெல்லாம் அந்தக் கிராமத்து மாதாகோவிலில் 1916-ல் ஓர் இசை விழாவைத் தொடங்கியதுதான். மார்லி கல்லூரித் தொழிலாளர்களும், செயிண்ட் பால் மாணவிகளும், கிராமத்துப் பாடகர்களும் ஒன்று சேர்ந்து நாலு நாள் பாடினார்கள். காலை, பகல், மாலை, வீதி, வீடு, கோவில் என்று பேதம் இல்லாமல் பாட்டுத்தான். இரவல் குரல் யாருக்கும் இல்லை. பட்டணத்தாரும் கிராமத்தாரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

1918-ல் யுத்த சேவைக்கு அழைப்பு வந்தது. ஸலோனிகாவில் ஊர் திரும்பக் காத்திருந்த படை வீரர்களிடையே சங்கீத வகுப்பும் கோஷ்டியும் அமைக்க வேண்டும். அதற்காக 'பான்' என்ற முன்னொட்டைச் சட்டப்படி நீக்கிக்கொண்டார். புறப்படுமுன் நண்பர் பால்பர் கார்டினர் ஒரு பரிசு கொடுத்தார். குவீன்ஸ் ஹாலையும் வாத்திய கோஷ்டியையும் வாடகைக்குப் பிடித்து, செப்டம்பர் 29-ந் தேதி 'கிரகங்கள்' முழுவதையும் வாசிக்கச் செய்தார். நடத்தியவர் ஏட்ரியன் போல்ட் என்ற இளைஞர். ஒத்திகைக்கு இரண்டு மணி நேரங்கூடக் கிடைக்கவில்லை. கடைசிப் பகுதியில் மறைவிலிருந்து பாட வேண்டிய பெண் குரல்களுக்குச் செயிண்ட் பால் மாணவிகளே வந்தார்கள். குருவின் களிப்பைக் கேட்டு, தாழ்வாரத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த வேலைக்காரப் பெண்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நடனம் ஆடினார்களாம்.

புகழ் என்னும் சுமை

1920-ல் பொதுமக்கள் 'கிரகங்கள்' முழுவதையும் கேட்டார்கள். ஹோல்ஸ்ட் ஒரே நாளில் பிரபலம் ஆனார். அவருக்கோ இது பெரிய தொல்லை. பேட்டி, புகைப்படம், கையெழுத்து என்றால் ஓடி ஒளிவார். பட்டம் பதவிகளையும் பெரும்பாலும் மறுத்தார். ராயல் சங்கீதக் கல்லூரியிலும் ரெடிங் யூனிவர்சிட்டி கல்லூரியிலும் கற்பிக்கும் வேலையை மட்டும் ஏற்றார். 1923-ல் ரெடிங்கில் கோஷ்டியை நடத்திக்கொண்டிருந்தபோது மேடையிலிருந்து தவறி விழுந்தார். தலையில் பலத்த அடி. தேறியதாக எண்ணி அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் போய்ச் சொற்பொழிவும் கச்சேரியும் நடத்தி வந்தார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1924-ல் எல்லா ஒப்பந்தங்களையும் ரத்து செய்துவிட்டுத் தாக்ஸ்டெட்டில் தனித்திருந்தார். பதினேழு வருஷம் உழைத்த மார்லி கல்லூரியையும் அவ்வருஷம் விட வேண்டியதாயிற்று.

பழகாதவர்களுக்குப் பாடம் சொல்லியே இந்த மேதை தம் காலத்தை வீணாக்கிவிட்டார் என்று வருந்தியவர்கள் உண்டு. வகுப்புகள் இல்லாதிருந்தால் இன்னும் எவ்வளவோ இயற்றியிருக்கலாம் என்பதும் உண்மையே. ஆனால் ஹோல்ஸ்ட் அப்படி நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்ற சொல்லின் வேர்ப் பொருள் அன்பு செய்பவன் என்பது. கூலிக்காக அல்லாமல் அன்புக்காகப் பாடுகிறவர்களிடம் சங்கீதம் பத்திரமாக இருக்கும் என்று அவர் நம்பினார். தம் புதிய படைப்புகளைப் பலமுறை அவர்களிடமே முதலில் கொடுத்துப் பார்த்தார். தேவை இல்லாத அலங்காரத்தை எல்லாம் களைந்து, சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லும் அவரது நடைக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

கடைசி நாட்கள்

1932-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலை அவரை அழைத்தது. மேல் படிப்பு வேண்டாம் என்று கல்லூரியை விட்டு டிராம்போனோடு புறப்பட்டவர், இப்போது உலகப் புகழ் பெற்ற சர்வகலாசாலையில் இயற்றும் கலையைப் போதித்தார். பிற்காலத்தில் புகழ் பெற்ற எலியட் கார்ட்டர் அங்கே அவரிடம் பயின்றவர்களில் ஒருவர். பாஸ்டன் வாத்திய கோஷ்டியையும் நடத்தினார். ஆனால் சில வாரங்களுக்குள் குடற்புண் உடைந்து இரத்தப் போக்கு ஏற்பட்டது. நாடு திரும்பியவர் முழு ஆரோக்கியம் பெறவே இல்லை. படுக்கையிலும் நாற்காலியிலுமாக இருந்துகொண்டு, 1933-ல் செயிண்ட் பால் பள்ளியின் சின்னப் பெண்கள் வாசிப்பதற்காக ஒரு தொகுதி எழுதினார். 1934-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் இருதயம் தளர்ந்து காலமானார். அப்போது வயது 59. சிச்செஸ்டர் பெருங்கோவிலில் அவரது அஸ்தி வைக்கப்பட்டது.

மகள் இமொஜென் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தாமும் கோஷ்டிகளை நடத்தினார். கிராமங்களில் பாடகர்களைப் பழக்கினார். 1950-ம் வருஷக் கடைசியில் அந்த அம்மையார் நம் நாட்டுக்கு வந்து, சாந்திநிகேதனத்தில் இரண்டு மாதம் தங்கி இந்திய இசையைக் கற்றார். அகராதியை வைத்துக்கொண்டு வேதம் படித்த தந்தைக்குக் கிட்டாத பாக்கியம் மகளுக்குக் கிட்டியது.

மார்லி கல்லூரி இன்றும் லண்டனில் நடக்கிறது. வேலை முடிந்த பிறகு அங்கே சென்று பாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'கிரகங்க'ளைப் பெரிய கோஷ்டிகள்தான் வாசிக்க முடியும். ஆனால் அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாண்டுக்காரர்களுக்கும் எழுதிய சிறு தொகுதிகள் ஒவ்வொரு வருஷமும் எங்கோ ஓர் ஊரில், முதன் முதலாக வாத்தியம் பிடித்த விரல்களில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன.